பார்வையாளரும் உடைமையாளரும்

ஒரு கலைப்படைப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதைப் படைத்தவரின் வரலாற்றையே எழுதி முடித்து விடுகின்றனர். சமூக நோக்குடையோர் சிலர், அதற்குப் பணம் இட்டவரின் வரலாற்றையும் உடன் சேர்த்துக்கொள்வர். அதனைக் கண்டும் கேட்டும் வாழ்ந்த மக்களின் வரலாறோ எழுதப்படாமலே போய்விடுகின்றது. கொட்டகையில் தரையில் குந்தியிருந்து நாடகம் பார்த்தவன் கைதட்டினான் என்ற அளவில் வரலாறு அவனை மறந்து விடுகின்றது. வீடு திரும்பிய பின் அவன் என்ன பேசினான், என்ன எழுதினான், எவரோடு சேர்ந்தான் என்பன எங்கும் பதியப்படுவதில்லை.

தொலைக்காட்சி பற்றிய ஆராய்ச்சியிலும் இக்குறை நெடுநாள் நிலவியது. இரண்டு கருத்துக்கள் அங்கே எதிரெதிரே நின்றன. மக்கள் கேட்பதையே தாம் கொடுப்பதாகக் கம்பனிக்காரர் வாதித்தனர். எதைக் கொடுத்தாலும் மக்கள் விழுங்குவர் என்றும், அவர்தம் சிந்தனையை மழுங்கடிப்பதே வெகுஜனக் கலையின் வேலை என்றும் இடதுசாரிகள் பலர் கருதினர். 1940களில் அடோர்னோ, ஹோர்க்ஹைமர் ஆகிய ஜெர்மன் அறிஞர்கள் 'கலாசாரக் கைத்தொழில்' பற்றி எழுதிய காலந்தொட்டு இக்கருத்து வலுப்பெற்றது. முதலாவது வாதம் விளம்பரம், அதனை விட்டுவிடலாம். இரண்டாவதில் பேருண்மை உண்டு. ஆயினும் இரண்டிலுமே பார்வையாளன் வாய் பேசாதவன் என்பது கவனிக்கத்தக்கது. அவன் வாய் திறந்த சந்தர்ப்பங்கள் சில உண்டு. அவற்றுள் மிக விரிவாகப் பதிவானது, அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொலைக்காட்சித் தொடரைச் சூழ்ந்து எழுந்த இயக்கமாகும்.

1966ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி என்.பி.சி. ஒளிபரப்பு நிறுவனத்தில் இத்தொடர் ஆரம்பமாயிற்று. ஜீன் ரொடன்பெரி இதனை உருவாக்கினார். வருங்காலத்தில் மனித குலம் வறுமையையும் இனப்பகையையும் கடந்து, ஒரு கப்பலில் ஏறி விண்வெளியை ஆராய்கின்றது என்பதே கதையின் அடிப்படை. அக்கப்பலில் செய்தித்தொடர்பு அதிகாரியாக உஹூரா என்ற கறுப்பினப் பெண் இருந்தாள். 'உஹூரு' என்பது சுவாகிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் சொல். ஆபிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்ற காலம் அது. ஜப்பானிய வம்சாவளியினரான ஜோர்ஜ் டக்கேய் மாலுமியாக நடித்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், சிறுவனாக இருந்தபோது, அமெரிக்க அரசு அமைத்த தடுப்பு முகாமில் குடும்பத்துடன் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1967இல் ரஷ்ய இளைஞன் ஒருவனும் அக்கப்பலிற் சேர்க்கப்பட்டான். உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், முதலாம் ஆண்டின் முடிவில் விலகிவிட எண்ணியிருந்ததாகவும், மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து விலகவேண்டாமெனக் கேட்டுக்கொண்டதாகவும் பின்னாளிற் பலமுறை கூறியுள்ளார்.

இத்தொடரை நாம் மிகைப்படுத்திப் போற்றவேண்டியதில்லை. கப்பலின் தலைவன் வெள்ளை அமெரிக்கனே. 1968 பெப்ரவரியில், வியட்நாம் யுத்தம் கொழுந்துவிட்டெரிந்த வேளையில் ஒளிபரப்பான ஒரு கதை, இரு தரப்பினருக்கும் சம அளவில் ஆயுதம் வழங்குவதே வழி எனத் துயரத்தோடு முடிவு கூறிற்று. வாஷிங்டனின் நியாயம் அங்கே விண்வெளி உடை அணிந்து வந்தது. எனினும், நிறபேதச் சட்டங்கள் அகன்று சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நாட்டில், அச்சமும் அடிமைத்தனமும் அற்ற எதிர்காலம் ஒன்றை வாரந்தோறும் வீட்டுக்குள்ளே காட்டியதன் கவர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. மக்கள் கனவின் ஒரு துண்டு அதில் இருந்தது. வியாபாரிகள் அறியாமலே அதனை விற்றுக்கொண்டிருந்தனர்.

வியாபாரம் நன்றாக நடக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பொருளாதாரத்தை இவ்விடத்தில் விளங்கிக்கொள்வது அவசியம். பார்வையாளர் அங்கே எதனையும் விலைக்கு வாங்குவதில்லை, அவர்களே விற்கப்படுகின்றனர். சவர்க்காரமும் மோட்டார் வண்டியும் விற்கும் கம்பனிகளுக்கு இத்தனை இலட்சம் கண்கள் என ஒளிபரப்பாளர் விலை பேசுகின்றனர். பார்வையாளரே பண்டமாகும் இந்நிலையை 1977இல் கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் ஒரு கட்டுரையில் தெளிவுபடுத்தினார். கண்களை எண்ணும் வேலையை நீல்சன் என்ற கம்பனி செய்தது. நாடு முழுவதிலும் ஆயிரத்தைச் சற்றே கடந்த எண்ணிக்கையிலான வீடுகளில் வைத்த கருவிகளைக் கொண்டு கோடிக்கணக்கானோரின் விருப்பத்தை அது கணித்தது. அக்கணக்கில் ஸ்டார் ட்ரெக் தாழ்ந்தே நின்றது. 1967இன் பிற்பகுதியில் அதனை நிறுத்திவிடப் போகின்றனர் என்ற செய்தி பரவிற்று.

*

இதன்பின் நடந்தவையே நமது கட்டுரையின் பொருள். பியோ ட்ரிம்பிள் என்ற பெண்ணும் அவரது கணவர் ஜோனும் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். கோரிக்கைக் கடிதம் ஒன்றை நீங்கள் எழுதுங்கள். பத்துப் பேரை எழுதச் செய்யுங்கள். அப்பத்துப் பேரும் தலைக்குப் பத்துப் பேரைத் தேடட்டும் என்பதே முறை. தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. ரோனியோ இயந்திரமும், தபால்தலையும், முகவரிப் பட்டியலும், இரவு கண்விழிப்புமே மூலதனம். 1968 ஜனவரியில் கலிபோர்ணியாத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள், பதாகைகள் ஏந்தி என்.பி.சி.யின் பேர்பாங்க் நிலையத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். 1967 டிசெம்பருக்கும் 1968 மார்ச்சுக்கும் இடையில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. உண்மைத் தொகை அதனிலும் பன்மடங்கு என்பது இயக்கத்தினரின் வாதம். 1968 மார்ச் 1ஆம் திகதி, அன்றைய கதை முடிந்ததும், தொடர் நிறுத்தப்படாது என நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. கடிதம் எழுதுவதை நிறுத்துங்கள் என்ற வேண்டுகோள் அதனுள் மறைந்திருந்தது.

இவ்வெற்றியை அப்படியே ஏற்று மகிழ்வது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. இயக்கம் முற்றாகத் தன்னியல்பாக எழுந்ததன்று. ரொடன்பெரி திரைமறைவிலிருந்து ஊக்கமளித்தார் என்பதும், செலவுக்கு உதவினார் என்பதும் உடன் பணியாற்றியவர்களாற் பின்னர் எழுதப்பட்டன. மேலும், கொடுத்ததை நிறுவனம் மறு கையாற் பறித்துக்கொண்டது. மூன்றாம் ஆண்டில் தொடரை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மாற்றினர். இளைஞர் வீட்டில் இராத நேரம் அது. தயாரிப்புச் செலவும் குறைக்கப்பட்டது. 1969 ஜூன் 3ஆம் திகதி கடைசிக் கதை ஒளிபரப்பாயிற்று.

ஆயின் கடிதம் எழுதியோர் தாம் எதிர்பாராத ஒன்றைச் சாதித்திருந்தனர். அமெரிக்காவில், பெரிய நிறுவனங்கள் ஒளிபரப்பி முடித்த தொடர்களை ஊர்தோறுமுள்ள சிறு நிலையங்கள் குறைந்த விலைக்கு வாங்கி நாள்தோறும் மறு ஒளிபரப்புச் செய்வது வழக்கம். அதற்குப் போதிய எண்ணிக்கையிற் கதைகள் வேண்டும். முதலிரு ஆண்டுகளில் 55 கதைகளே இருந்தன. கடித இயக்கம் வாங்கித் தந்த மூன்றாம் ஆண்டினால் அத்தொகை 79 ஆயிற்று. மாலை வேளையில் பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளும் வேலை விட்டு வந்த தொழிலாளரும் 1970களில் இத்தொடரை நாளாந்தம் பார்த்தனர். இறந்துபோன தொடர் இவ்வாறு மறுபிறவி எடுத்தது. 1972 ஜனவரியில் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் அபிமானிகள் மகாநாடு கூட்டினர். சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். 1976இல் முதலாவது விண்வெளி ஓடத்துக்குக் கப்பலின் பெயரான 'என்டர்பிரைஸ்' சூட்டப்பட்டதும் வெள்ளை மாளிகைக்கு அவர்கள் எழுதிக் குவித்த கடிதங்களினாலேயாம். 1979இல் திரைப்படமும், 1987இல் புதிய தொடரும் வந்தன. ஒரு காலத்தில் தூக்கியெறிந்த சரக்குப் பொன்னாக விளைவதைக் கண்ட கம்பனி, அதனைத் தன் தலைசிறந்த ஆஸ்தியாகக் கொண்டாடத் தொடங்கியது.

*

மகாநாடுகளையும் படங்களையும் விட முக்கியமானது வேறொன்று உண்டு. 1967இல் டெவ்ரா லாங்சம், ஷெர்னா கொமர்ஃபோர்ட் ஆகிய இரு பெண்கள் 'ஸ்பொக்கனாலியா' என்ற ரோனியோ சஞ்சிகையை வெளியிட்டனர். தொடரின் பாத்திரங்களைக் கொண்டு வாசகரே எழுதிய கட்டுரைகளும் கவிதைகளும் கதைகளும் அதில் இடம்பெற்றன. அதனைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான சஞ்சிகைகள் தோன்றின. எழுதியோரிற் பெரும்பான்மையினர் பெண்கள்: நூலகர், ஆசிரியைகள், இல்லத்தரசிகள், மாணவியர். விஞ்ஞானப் புனைகதை அதுவரை ஆண்களின் களமாகவே இருந்தது. தொலைக்காட்சியில் காயத்துக்குக் கட்டுப் போடவும் காதலிக்கப்படவும் மட்டுமே வந்துபோன பெண் பாத்திரங்களை, இச்சஞ்சிகைகளில் அவர்கள் கப்பலின் தலைவிகளாக்கினர். எழுத்தாளர் எழுதாது விட்ட இடங்களையெல்லாம் தாம் எழுதி நிரப்பினர். 1992இல் ஹென்றி ஜென்கின்ஸ், கமில் பேக்கன்-ஸ்மித் ஆகிய அறிஞர்கள் இவ்வெழுத்துக்களைத் தனித்தனியே ஆராய்ந்து நூல்கள் எழுதிய பின்னரே பல்கலைக்கழகங்கள் இவர்களை ஏறெடுத்துப் பார்த்தன. பிரபுவின் காட்டில் ஒளித்துப் புகுந்து வேட்டையாடும் குடியானவனுக்கு ஜென்கின்ஸ் இவர்களை ஒப்பிட்டார். உவமை பொருத்தமானது, காடு பிரபுவுடையது என்பதையும் அது மறக்கவில்லை.

இச்சஞ்சிகைகள் அடக்க விலைக்கே விற்கப்பட்டன. இலாபம் வைப்பது இழுக்கு எனக் கருதப்பட்டது. வழக்குக்கு அஞ்சியதும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும், உலகின் மிகப் பெரிய வியாபாரச் சமுதாயத்தின் நடுவிலே, விற்பனைக்கன்றி ஒருவருக்கொருவர் கொடுப்பதற்காகவே எழுதும் ஒரு சிறு சமூகம் பல்லாண்டுகள் இயங்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. ரோனியோ மையில் விரல் கறுத்துச் சிறு சஞ்சிகை நடத்தியவர்களுக்கு அந்த மகிழ்ச்சியும் அதன் கடனும் தெரியும்.

கலையைக் காப்பதிலும் உடைமையாளரை விடப் பார்வையாளர் பொறுப்புடையோராக இருந்த சான்று பிரித்தானியாவில் உண்டு. 1963 நவம்பர் 23ஆம் திகதி பி.பி.சி. ஆரம்பித்த 'டொக்டர் ஹூ' தொடரின் பழைய பகுதிகள் பல, நாடா விலையுயர்ந்தது, இடம் போதாது என்ற காரணங்களால் 1970களின் பிற்பகுதி வரை அழிக்கப்பட்டன. பொதுநிறுவனமே தன் வரலாற்றைத் தன் கையால் அழித்தது. ஆனால், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சிறுவர்களும் இளைஞர்களும் பதிந்து வைத்திருந்தனர். அழிந்த பகுதிகள் அனைத்தினதும் ஒலி இன்று எஞ்சியிருப்பது அவர்களாலேதான். பட்டம் பெற்ற ஆவணக் காப்பாளர் செய்யத் தவறியதைப் பெயரறியாத பிள்ளைகள் செய்தனர்.

*

கணினி வலை வந்தபோது, பார்வையாளனுக்கும் படைப்பாளிக்கும் இடையிலிருந்த சுவர் வீழ்ந்தது எனப் பலர் மகிழ்ந்தனர். 1990களில் 'பபிலோன் 5' என்ற தொடரை உருவாக்கிய மைக்கல் ஸ்ட்ராசின்ஸ்கி, வலையில் அபிமானிகளோடு நாள்தோறும் உரையாடினார். கதையின் நுட்பங்களை விளக்கினார், குறைகூறியவர்களோடு வாதிட்டார். ஆனால், கதைக் கருத்துக்களை மட்டும் தம்முன் வைக்கவேண்டாமென மன்றாடினார். காரணம் சட்டம். தாம் எழுத எண்ணியிருந்த கதை ஒன்றை ஒத்த கருத்தை அபிமானி ஒருவர் வலையில் எழுதிவிட, அவரிடமிருந்து சட்டபூர்வமான விடுவிப்புப் பெறும்வரை அக்கதை கிடப்பில் கிடந்தது. 1995இலேயே அது ஒளிபரப்பாயிற்று. அடுத்த வீட்டுக்காரரைப் போலப் பேசிக்கொண்டவர்களுக்கு இடையிலே உடைமைச் சட்டம் வந்து நின்ற காட்சி இது.

1996இல் ஸ்டார் ட்ரெக்கின் அன்றைய உடைமையாளரான வயாகொம் கம்பனி, அபிமானிகள் நடத்திய வலைப்பக்கங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கடிதம் எழுதித் தொடரைக் காத்த கூட்டத்தினருக்கு, இப்போது வழக்கறிஞர் கடிதம் எழுதினர். 2014இன் பின் பிரச்சினை முற்றியது. 'அக்சனார்' என்ற பெயரில் அபிமானிகள் ஸ்டார் ட்ரெக் உலகிற் படம் எடுக்க முனைந்து, பொதுமக்களிடம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் திரட்டினர். 2015 டிசெம்பரில் சி.பி.எஸ்., பரமவுண்ட் கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 2017 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. திரட்டிய பணம் செலவான விதம் குறித்து அபிமானிகளிடையேயும் கசப்பு இருந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆனால், இடையில் 2016 ஜூனில் கம்பனிகள் வெளியிட்ட விதிகளே நம் கவனத்துக்குரியவை. கதை 15 நிமிடத்துக்கு மேற்படலாகாது; இரு பகுதிகளாயின் மொத்தம் 30 நிமிடம். ஐம்பதாயிரம் டொலருக்கு மேல் திரட்டலாகாது. பங்குபற்றுவோர் எவரும் ஊதியம் பெறலாகாது. கடையில் விற்கும் வகையைச் சேர்ந்த உடுப்பை அணிவதாயின், அது கம்பனியின் அனுமதி பெற்ற சரக்காகவே இருத்தல் வேண்டும். ஊதியமின்றி உழைக்கலாம், உடுப்பைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். உழைப்புக்கும் உடைமைக்கும் உள்ள உறவை இதனிலும் சுருக்கமாக விளக்க முடியாது.

புதிய ஊடகம் தானாகவே மக்களை விடுவிக்கும் என்ற மயக்கம் இவ்வாறு கலைந்தது. அபிமானிகளே நல்லவர், கம்பனிகளே தீயவர் என்ற எளிய சூத்திரமும் நிலைக்காது. 2017இல் கறுப்பினப் பெண் ஒருவரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு புதிய ஸ்டார் ட்ரெக் தொடர் வந்தபோது, தம்மை அபிமானிகள் என்று கூறிக்கொண்ட சிலர் வலையில் இனவெறி வசைகளைப் பொழிந்தனர். அபிமானிகள் ஒரு வர்க்கம் அல்லர். சமுதாயத்தின் முரண்பாடுகள் யாவும் அக்கூட்டத்தினுள்ளும் உண்டு. வசையாயினும் வாழ்த்தாயினும், கூச்சல் பெருகப் பெருக விளம்பர வருமானம் பெருகுவது வலைத்தளங்களின் இயல்பாகையால், அம்முரண்பாடுகள் அங்கே ஊதிப் பெருப்பிக்கப்படுகின்றன.

இன்று படக்கம்பனிகள் வலைவழியே நேராக வீட்டுக்குள் படத்தை அனுப்புகின்றன. ஆயிரத்துச் சொச்சம் வீடுகளைக் கொண்டு கணித்த காலம் மாறி, ஒவ்வொருவரும் எந்தக் கணத்திற் பார்ப்பதை நிறுத்தினார் என்பது வரை அவற்றுக்குத் தெரியும். ஆயின் அக்கணக்கைத் தாம் விரும்பிய அளவிலேயே அவை வெளியிடுகின்றன. 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இக்கணக்கைக் காட்டவேண்டும் என்பதும் ஒன்று. பார்வையாளரின் கடிதமும் உருமாறியுள்ளது. 2018இல் 'எக்ஸ்பான்ஸ்' என்ற தொடர் நிறுத்தப்பட்டபோது, அபிமானிகள் பணம் திரட்டி விமானம் ஒன்றை அமர்த்தி, அமசோன் ஸ்டூடியோவின் மேலே பதாகை பறக்கவிட்டனர். அமசோன் அத்தொடரை ஏற்று மேலும் மூன்று பருவங்கள் தயாரித்தது. பத்துப் பேர் பத்துப் பேராகச் சேர்த்த பழைய முறையின் பேரப்பிள்ளை இது. விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு மட்டும் 1968இற் போலவே உடைமையாளர் கையில் இருக்கின்றது.

*

விண்ணப்பம் செய்வதோடு நில்லாதவர்களும் உண்டு. 2007இல் ஃபேன்லிப் என்ற கம்பனி, அபிமானிகள் எழுதும் கதைகளைத் தன் தளத்திற் சேர்த்து இலாபமீட்ட முயன்றது. இத்தனை ஆண்டு விலையின்றிக் கொடுத்த எழுத்தை ஒருவன் வந்து விற்பதா எனப் பெண்கள் பலர் வெகுண்டனர். வெகுண்டதோடு அமையாது, கதைகளைத் தாங்கும் கணினிகளே நமக்குச் சொந்தமாக இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். அதே ஆண்டில் சங்கம் ஒன்றை அமைத்தனர். 2009இல் 'நமக்கேயான சுவடிக்கூடம்' எனப் பொருள்படும் பெயரில் தளம் ஒன்றைத் திறந்தனர். நிரலை எழுதியவர்களும் நிர்வகிப்பவர்களும் தொண்டர்களே. விளம்பரம் கிடையாது, வாசகரின் நன்கொடையே வருவாய். ஒரு கோடியைக் கடந்த ஆக்கங்கள் இன்று அங்கே உள்ளன. 2019இல் விஞ்ஞானப் புனைகதை உலகின் மதிப்புமிக்க ஹியூகோ விருது அதற்கு வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் யாது? 1968இன் கடிதக்காரர் ஒரு பருவத்தைப் பெற்றனர். அதனை இரவு பத்து மணிக்குத் தள்ளும் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. 2016இன் படக்காரர் பெரும்பணம் பெற்றனர். 15 நிமிட எல்லையை மீற முடியவில்லை. ரோனியோ இயந்திரத்தைத் தமக்கென வைத்திருந்த பெண்களும், நாற்பதாண்டுகளின் பின் கணினியைத் தமக்கென வைத்துக்கொண்ட பெண்களும், எவருடைய அனுமதியையும் எதிர்பாராது எழுதினர். ஊடகத்தின் புதுமையை விட, அது யாருடைய கையில் இருக்கின்றது என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கின்றது.

நம் வகுப்பறைகளில் இருக்கும் இளைஞரும் ஏதோ ஒரு தொடரின் அபிமானிகளே. அவர்கள் இரவிரவாகக் கைத்தொலைபேசியிற் பார்ப்பதையும், அதனைப் பற்றி எழுதுவதையும், 'காலத்தை வீணாக்குகின்றார்கள்' என்ற ஒரே சொல்லில் ஆசிரியர்களாகிய நாம் ஒதுக்கிவிடுவது எளிது. எழுதும் ஆவல் அங்கே இருக்கின்றது; கூட்டுச் சேரும் பழக்கமும் இருக்கின்றது. நீ எழுதியது யாருடைய தளத்தில் இருக்கின்றது, நாளை அதனை அவர்கள் மூடிவிட்டால் என்ன செய்வாய் என்ற கேள்வியை அவர்களிடம் கேட்பதே நம் முதல் வேலை. அக்கேள்வியை இரு பெண்கள் ஒரு ரோனியோ இயந்திரத்தின் முன் கேட்காமலே விடைகண்டனர். நம் மாணவருக்கும் ஒரு சிறு சஞ்சிகையிலிருந்து தொடங்க முடியும்.